பழைய சாண்டா ஃபே, சொரெண்டோ வாங்கலாமா? இன்ஜின், கியர்பாக்ஸ் புகார்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த நம்மவர்கள் முதல் கார் தேடும்போது ஒரு நாள் இந்த இடத்துக்கு வந்து சேர்வார்கள். ஒரே வருடத்து மாடல், ஏறக்குறைய ஒரே மைல். டொயோட்டா ஆர்ஏவி4, ஹோண்டா சிஆர்வி எல்லாம் கையைக் கடிக்கிற விலை. பக்கத்திலேயே ஹூண்டாய் சாண்டா ஃபே ஸ்போர்ட்டோ கியா சொரெண்டோவோ தோல் சீட், கண்ணாடிக் கூரை எல்லாம் போட்டுக்கொண்டு கணிசமாகக் குறைந்த விலைக்கு நிற்கும். ஏன் இவ்வளவு மலிவு என்று தேடிப் பார்த்தால் நடுரோட்டில் நின்றது, இன்ஜின் போனது, தீப்பிடித்தது என்று வயிற்றைக் கலக்கும் புகார்கள். அப்புறம் எனக்கு ஃபோன் வரும். நான் மெக்கானிக் இல்லை. பானெட்டைத் திறந்து பார்க்கிற பைத்தியம் கொஞ்சம் உண்டு, அவ்வளவுதான். பல பேரிடம் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எல்லா ஹூண்டாய், கியா வண்டியிலும் இந்தப் பிரச்சினை இருக்கிறதா?

இல்லை. புகார்களில் பெரும்பகுதி ஒரே இன்ஜின் குடும்பத்தைப் பற்றியது. தீட்டா 2 என்று பெயர். அதிலும் 2.4 லிட்டர் ஜிடிஐ, 2.0 லிட்டர் டர்போ ஜிடிஐ என்ற இரண்டு நான்கு சிலிண்டர் இன்ஜின்கள்தான் முக்கியம். ஜிடிஐ என்றால் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் வகை. 2011 மாடலில் தொடங்கி 2019 வரை பல வண்டிகளில் இவை வந்தன. கார்களில் சொனாட்டா, ஆப்டிமா. எஸ்யூவிகளில் சாண்டா ஃபே ஸ்போர்ட், சொரெண்டோ, ஸ்போர்டேஜ், சில வருடத்து டூசான்.

என் நண்பர் மூன்று வரிசை சாண்டா ஃபே வைத்திருக்கிறார். அதுவும் மாட்டுமா?

2013-க்குப் பிறகு வந்த அந்த நீளமான சாண்டா ஃபேயில் இருப்பது 3.3 லிட்டர் வி6. அது வேறு குடும்பம். சொரெண்டோவிலும் வி6 போட்ட வண்டிகள் உண்டு. பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும். ஆனால் நாம் இங்கே பேசுகிற கதை அதற்குப் பொருந்தாது. பழைய சொரெண்டோதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, வி6 கிடைக்கிறதா பாருங்கள் என்பதுதான்.

தீட்டா 2 இன்ஜினில் அப்படி என்னதான் கோளாறு?

கிராங்க்ஷாஃப்ட் என்ற முறுக்குத் தண்டுதான் பிஸ்டன் மேலும் கீழும் போவதைச் சுழற்சியாக மாற்றுகிறது. பிஸ்டனையும் அந்தத் தண்டையும் இணைப்பது கனெக்டிங் ராடு. ராடின் அடி முனை தண்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் இடத்தில் இரண்டு அரைவட்டத் தகடுகளாக ஒரு பேரிங். நம்மூர் ஒர்க்‌ஷாப்பில் 'பிக் என்ட் பேரிங்' என்பார்களே, அதுதான். இன்ஜின் ஓடும்போது இந்தத் தகடும் தண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. இரண்டுக்கும் நடுவில் முடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று நிற்க வேண்டும். அந்த எண்ணெய், தண்டுக்குள் துளைத்திருக்கும் சின்னச் சின்ன வழிகள் மூலமாக அழுத்தத்தோடு வந்துகொண்டே இருக்கும்.

லேத் பட்டறையில் இரும்பைத் துளையிட்டால் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதை எடுத்துவிட்டு நன்றாகக் கழுவ வேண்டும். அலபாமா மாநிலம் மான்ட்கமரியில் இருக்கும் ஹூண்டாய் தொழிற்சாலையில் இந்த இன்ஜின்கள் தயாரானபோது, தண்டின் எண்ணெய் வழிகளில் அந்தப் பிசிறும் உலோகத் துகளும் முழுதாக நீங்காமல் தங்கிவிட்டன என்பதுதான் கம்பெனியே ரீகால் (கோளாறுள்ள வண்டிகளைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்வது) அறிக்கையில் சொன்ன காரணம். 2012-ல் பிசிறு எடுக்கும் முறையையே மாற்றி, அழுத்தமான நீரைப் பீய்ச்சிக் கழுவும் முறைக்குப் போனார்கள்.

துகள் வழியை அடைத்தால் எண்ணெய் குறையும். எண்ணெய் குறைந்தால் படலம் அறும். உலோகம் உலோகத்தில் உரசும். உரசி வருகிற பொடி இன்னும் கொஞ்சம் வழியை அடைக்கும். சில ஆயிரம் மைலில் நடக்கலாம், லட்சம் மைல் தாண்டியும் நடக்கலாம். கடைசியில் பேரிங் தேய்ந்து, 'டக் டக்' என்று சத்தம் வந்து, ஒரு நாள் இன்ஜின் சீஸ் ஆகி, அதாவது இறுகி நின்றுவிடும். அந்த நாள் நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் போகும் நாளாக இருந்தால் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

ரீகால் எப்போது வந்தது?

முதலில் 2015 செப்டம்பரில், 2011, 2012 மாடல் சொனாட்டா கார்கள் மட்டும், ஏறத்தாழ 4 லட்சத்து 70 ஆயிரம். அதே இன்ஜின் போட்ட எஸ்யூவிகளைப் பற்றி அப்போது பேச்சே இல்லை. எஸ்யூவிகளின் முறை 2017 மார்ச் கடைசியில்தான் வந்தது. சாண்டா ஃபே ஸ்போர்ட்டின் 2013, 2014 மாடல்கள், சொரெண்டோவில் 2012 முதல் 2014 வரை, ஸ்போர்டேஜில் 2011 முதல் 2013 வரை. கார்களையும் சேர்த்து இரண்டு கம்பெனிக்குமாக 12 லட்சத்தை நெருங்கிய வண்டிகள். அடுத்த மாதமே தென்கொரியாவிலும் சுமார் 1.7 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள்.

நடுவில் ஏன் ஒன்றரை வருட இடைவெளி? கம்பெனியாகத்தான் முன்வந்து சொன்னதா?

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இங்கேதான் வருகிறார். கிம் குவாங்-ஹோ. ஹூண்டாயில் 25 வருடங்களுக்கு மேல் வேலை பார்த்த பொறியாளர், தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவர். பிரச்சினையின் முழு அளவையும் கம்பெனி வெளியே சொல்லவில்லை என்று நினைத்தார். 2016 ஆகஸ்டில் உள் ஆவணங்களை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்கு விமானம் ஏறி, என்எச்டிஎஸ்ஏ எனப்படும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் போய்ச் சொன்னார். அதே வருடம் நவம்பரில் கம்பெனி ரகசியங்களை வெளியிட்டதாகச் சொல்லி வேலையை விட்டு நீக்கினார்கள்.

2020 நவம்பரில் தீர்ப்பு மாதிரி ஒன்று வந்தது. 16 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைக் காலத்தோடு ரீகால் செய்யவில்லை என்ற குற்றச்சாட்டில் ஹூண்டாய் 14 கோடி டாலர், கியா 7 கோடி டாலர் என்று அபராதத்துக்கு ஒப்புக்கொண்டன. இதில் ஒரு பகுதி பாதுகாப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டியது, இன்னொரு பகுதி நிபந்தனையோடு தள்ளிவைத்தது. உடனே ரொக்கமாகக் கட்டியது இரண்டும் சேர்த்து 8 கோடியே 10 லட்சம் டாலர். தகவல் சொன்னவருக்கு வசூலான தொகையில் 10 முதல் 30 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. 2021 நவம்பரில் கிம்முக்கு உச்சவரம்பான 30 சதவீதத்தையே கொடுத்தார்கள். 2 கோடியே 40 லட்சம் டாலருக்கும் மேல். என்எச்டிஎஸ்ஏ இப்படி ஒருவருக்குக் கொடுத்த முதல் வெகுமதி அதுதான்.

கேஎஸ்டிஎஸ், கேஎஸ்டிஎஸ் என்கிறார்களே, அது என்ன?

இன்ஜினில் ஏற்கனவே இருக்கும் நாக் சென்சாரை, அதாவது அதிர்வை உணரும் கருவியை, ஒட்டுக்கேட்க வைக்கும் மென்பொருள். பேரிங் தேயத் தொடங்கும்போது வரும் அதிர்வுக்கு ஒரு தனி அலைவரிசை உண்டு. அதைக் கேட்டால் செக் இன்ஜின் விளக்கு மினுக்கும், பி1326 என்ற குறியீடு பதிவாகும், வண்டி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இன்ஜின் நடுரோட்டில் மொத்தமாகப் போவதற்கு முன்னால் உங்களை டீலரிடம் போக வைப்பதுதான் நோக்கம். புதிதாகப் பாகம் எதுவும் மாட்டுவதில்லை. டீலரிடம் போனால் இலவசமாக ஏற்றித் தருவார்கள்.

தேய்ந்த பேரிங்கை இது சரிசெய்யாது. காய்ச்சல் பார்க்கிற கருவி காய்ச்சலைக் குணப்படுத்தாது அல்லவா, அதே கதைதான். ஆனாலும் இதைப் போட்டே ஆக வேண்டும், ஏனென்றால் வாரண்டி இதோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே வருகிறேன்.

ஹைவேயில் போகும்போது திடீரென்று வண்டி இழுக்கவே இல்லை. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஆர்பிஎம் 2,000-ஐத் தாண்டவில்லை. கியர்பாக்ஸ் போய்விட்டதா?

இதைக் கேட்பவர்களில் பலர் ஏற்கனவே ஒரு டிரான்ஸ்மிஷன் கடைக்குப் போய்ப் பணம் கட்டிவிட்டு வந்திருப்பார்கள். மேலே சொன்ன கேஎஸ்டிஎஸ் விழித்துக்கொண்டால் நடப்பது இதேதான். மேலே ஏற மறுக்கும், கியர் சிக்கிக்கொண்ட மாதிரியே தெரியும். விளக்கு மினுக்கினால் முதலில் குறியீட்டைப் படியுங்கள். ஆட்டோசோன் மாதிரியான உதிரிபாகக் கடைகளில் இலவசமாகவே படித்துச் சொல்வார்கள். பி1326 என்று வந்தால் டிரான்ஸ்மிஷன் கடைக்குப் போகாதீர்கள். வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் டீலருக்கு இழுத்துக்கொண்டு போங்கள். அங்கே பேரிங் இடைவெளிச் சோதனை என்று ஒன்று செய்வார்கள். அதில் தோற்றால் இன்ஜினையே மாற்ற வேண்டும். அந்தக் குறியீட்டோடு தோற்றால் பெரும்பாலும் இலவசம். இன்ஜின் வந்து சேரப் பல வாரம் காத்திருந்ததாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதற்கு மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

ஆயுள் வாரண்டி உண்டாமே? நான் இரண்டாவது கையாக வாங்கினாலும் கிடைக்குமா?

கிடைக்கும். இந்த வண்டிகள் மலிவாகவும் கிடைத்து, வாங்கவும் தகுதியாக இருப்பதற்கு ஒரே காரணம் இந்த வாரண்டிதான்.

ஹூண்டாய், கியாவின் பிரபலமான 10 வருடம், 1 லட்சம் மைல் வாரண்டி முதல் உரிமையாளருக்கு மட்டும்தான். அடுத்தவர் கைக்கு மாறினால் அது 5 வருடம், 60,000 மைலாகச் சுருங்கிவிடும். 2014 சொரெண்டோவுக்கு அது எப்போதோ முடிந்திருக்கும். ஆனால் கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடந்த கூட்டு வழக்கின் சமரசத்தில், 2011 முதல் 2019 வரையிலான தீட்டா 2 ஜிடிஐ வண்டிகளுக்குத் தனியாக ஓர் ஆயுள் வாரண்டி கொடுத்தார்கள். சமரசத்துக்கு 2021-ல் நீதிமன்றத்தின் இறுதி ஒப்புதல் கிடைத்தது. கனெக்டிங் ராடு பேரிங் போனால் இன்ஜின் அவர்கள் செலவு. பின்னால் வாங்கும் தனிநபர்களுக்கும் இது தொடரும். கேஎஸ்டிஎஸ் போட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

இரண்டு எச்சரிக்கை. வாரண்டி அந்த ஒரு வகைப் பழுதுக்குத்தான், டர்போ போனாலோ கியர்பாக்ஸ் போனாலோ இது பேசாது. அப்புறம், சால்வேஜ் டைட்டில் வண்டி (பெரிய சேதத்துக்குப் பிறகு காப்பீட்டுக் கம்பெனி கைகழுவியது) என்றால் கம்பெனி வாரண்டி எதையும் நம்பி வாங்காதீர்கள். விலையைப் பார்த்து மயங்குபவர்கள் அங்கேதான் விழுகிறார்கள். பழைய ரிப்பேர் பில்லைக் காட்டிப் பணம் திரும்பக் கேட்கும் காலக்கெடு முடிந்துவிட்டது, அதற்கு அலைய வேண்டாம்.

டீலர் ஆயில் மாற்றிய பில் கேட்கிறார். என்னிடம் இல்லை. மறுக்க முடியுமா?

புகார்களைப் படித்தால் மனிதர்களுக்கு வயிறு எரிவது இந்த இடத்தில்தான். இன்ஜின் போனதே பாதி வருத்தம். அதற்கு மேல், 'நீங்கள் ஆயில் ஒழுங்காக மாற்றவில்லை' என்று பழியும் தலையில் விழுகிறது. தொழிற்சாலையில் தங்கிய துகளுக்கு வண்டிக்காரன் எப்படிப் பொறுப்பாவான் என்று கத்தத் தோன்றும். ஆனால் கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்பது காகிதம்.

சமரசத்தில் 'மிதமிஞ்சிய அலட்சியம்' என்றொரு விதிவிலக்கு இருக்கிறது. நீண்ட காலம் ஆயிலே மாற்றாமல், திறந்து பார்த்தால் உள்ளே தார் மாதிரி கறுப்பாகப் படிந்திருந்தால் மறுக்கலாம். ஒன்றிரண்டு பில் தொலைந்ததெல்லாம் அந்த வார்த்தைக்குள் வராது. மறுத்தால் வாய்மொழியாக விட்டுவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள், ஆயில் ஃபில்லர் மூடிக்குள் எடுத்த புகைப்படங்களைக் கேளுங்கள், பிறகு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் கூப்பிட்டு ஒரு கேஸ் எண் வாங்குங்கள். டீலர் வேறு, கம்பெனி வேறு. டீலர் முடியாது என்றதைக் கம்பெனி சரி என்று சொன்ன கதைகள் உண்டு.

நம் ஆட்கள் வீட்டிலேயே ஆயில் மாற்றுவார்கள். அது தப்பே இல்லை. 1975-ல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டப்படி, எங்களிடம்தான் சர்வீஸ் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வாரண்டி ரத்து என்று கம்பெனி சொல்ல முடியாது. ஆனால் ஆயிலும் ஃபில்டரும் வாங்கிய ரசீது வேண்டும். வால்மார்ட் ரசீதின் மை ஆறு மாதத்தில் மறைந்துவிடும், ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். மாற்றும் அன்று ஓடோமீட்டரையும் சேர்த்து ஒரு படம். இரண்டு நிமிட வேலை, ஆனால் பல ஆயிரம் டாலர் இன்ஜினுக்கு அதுதான் சாட்சி.

என் வண்டி ஆயில் குடிக்கிறது. ஒழுகலும் இல்லை, புகையும் இல்லை. இதுவும் அதே நோயா?

உறவுக்கார நோய். இது பிஸ்டன் ரிங் பக்கம் கரி படிந்து, ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே எரிந்துபோவது. டீலரிடம் சொன்னால் ஆயில் நிரப்பி, குறித்துவிட்டு, 1,000 மைல் ஓட்டிவிட்டு வாருங்கள் என்பார்கள். 1 குவார்ட்டுக்கு (ஏறக்குறைய ஒரு லிட்டர்) மேல் குறைந்தால்தான் அவர்கள் கணக்கில் அது பழுது.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். 2.4 இன்ஜின் கொள்வது சுமார் 5 குவார்ட். சாதாரண ஓட்டத்துக்கு ஆயில் மாற்றச் சொல்லும் இடைவெளி 7,500 மைல். 1,000 மைலுக்கு முக்கால் குவார்ட் குடிக்கும் வண்டி அவர்கள் பார்வையில் 'நார்மல்'. ஆனால் 5,000 மைலில் அதன் வயிற்றில் ஒரு குவார்ட் சொச்சம்தான் மிஞ்சியிருக்கும். எண்ணெய்ப் படலத்தை நம்பி வாழும் பேரிங்குக்கு அது மரண தண்டனை. இதில் கொடுமை, ஆயில் அழுத்த விளக்கு எரியும்போது காலம் கடந்திருக்கும். அதனால் நான் சொல்வது, ஒன்றுவிட்டு ஒரு முறை பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். 7,500 என்பதை மறந்துவிட்டு அதில் பாதியில் மாற்றுங்கள். நின்று நின்று போகிற நகர ஓட்டத்துக்குக் கையேடே பாதி இடைவெளிதான் சொல்கிறது.

இன்ஜினில் டிக் டிக் என்று சத்தம் வருகிறது. பயப்பட வேண்டுமா?

ஜிடிஐ இன்ஜின்கள் தையல் மெஷின் மாதிரி சன்னமாக 'டிக்டிக்' என்றுதான் ஓடும். பெட்ரோலை உயர் அழுத்தத்தில் அடிக்கும் பம்பும் இன்ஜெக்டரும் போடும் சத்தம் அது. பயப்பட வேண்டியது கனமான 'டக் டக்'. அடியிலிருந்து வரும், சூடான பிறகும் போகாது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடவே வேகமெடுக்கும். கதவைச் சுத்தியலால் தட்டுகிற மாதிரி இருக்கும். அதைக் கேட்டால் வண்டியை அணைத்துவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

தீப்பிடிப்பது உண்மையா?

உண்மைதான். பேரிங் போய் ராடு உடைந்தால் அது இன்ஜின் பிளாக்கையே ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரலாம். கொதிக்கும் ஆயில் சூடான எக்ஸாஸ்ட் குழாயில் கொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 2018-ல் ஆட்டோ பாதுகாப்பு மையம் என்ற நுகர்வோர் அமைப்பு மனுப் போட, 2019-ல் என்எச்டிஎஸ்ஏ தனியாக விசாரணையே தொடங்கியது.

இதோடு இன்னொன்றைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2023 செப்டம்பரில் 'வீட்டுக்கு வெளியே நிறுத்துங்கள்' என்று 33 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹூண்டாய், கியா வண்டிகளுக்கு அறிவிப்பு வந்தது. அது பிரேக்கின் ஏபிஎஸ் பகுதியில் மின்கசிவு பற்றியது. இன்ஜின் அணைத்திருக்கும்போதும் நடக்கலாம் என்பதால்தான் வெளியே நிறுத்தச் சொன்னார்கள். பழைய சாண்டா ஃபே வாங்குபவர் இரண்டு ரீகாலையும் பார்த்தாக வேண்டும்.

இன்ஜின் மாற்றிய வண்டி என்று விற்பவர் தயங்கித் தயங்கிச் சொல்கிறார். விட்டுவிடலாமா?

விடாதீர்கள். என் கணக்கில் மாற்றாத வண்டியைவிட அது மேல், டீலர் மாற்றினார் என்பதற்குக் காகிதம் இருந்தால். மாற்றிய பிறகும் பழுதானதாகப் புகார்கள் இல்லாமல் இல்லை, ஆனாலும் புது இன்ஜின் புது இன்ஜின்தான். ஒன்றை மட்டும் கேளுங்கள். 2019 தொடக்கத்தில் ஒரு ரீகால் வந்தது, இன்ஜின் மாற்றும்போது உயர் அழுத்த பெட்ரோல் குழாயைச் சரியாகப் பொருத்தாமல் விட்டிருக்கலாம் என்று, ஏறத்தாழ 1 லட்சத்து 68 ஆயிரம் வண்டிகளுக்கு. வைத்தியத்துக்கு வைத்தியம்! அந்தச் சோதனை முடிந்ததா என்று வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

சரி, கியர்பாக்ஸ் எப்படி?

சாண்டா ஃபே ஸ்போர்ட், சொரெண்டோ 2.4-ல் இருக்கும் 6 கியர் ஆட்டோமேட்டிக், இன்ஜினின் விசையை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை. பெரிய அழகு ஒன்றுமில்லை, ஆனால் உழைக்கும். ஆயில் ஆயுளுக்கும் போதும் என்ற பேச்சை நம்பாமல் 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

டூசான் சிக்னலில் மிதித்தால் ஒரு நொடி யோசிக்கிறது, அப்புறம் பாய்கிறது. ஏன்?

2016 மாடல் டூசானாக, 1.6 டர்போவாக இருந்தால் உங்களிடம் இருப்பது 7 கியர் இரட்டைக் கிளட்ச், அதாவது டிசிடி. பெயர்தான் ஆட்டோமேட்டிக். உள்ளே இருப்பது நம்மூர் மேனுவல் கியர்பாக்ஸ், இரண்டு கிளட்ச், அவற்றை மிதிக்க ஒரு கம்ப்யூட்டர் கால். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. ஓடும்போது அடுத்த கியர் தயாராகக் காத்திருக்கும் என்பதால் மாற்றம் வெண்ணெய் மாதிரி இருக்கும். சிக்கல் நின்று கிளம்பும்போது. இந்தக் கிளட்ச் உலர் வகை, ஆயிலில் நனையாது. ஊட்டி மலையில் முன்னால் லாரி ஊர்ந்துகொண்டிருக்க, ஹாஃப் கிளட்சிலேயே அரை மணி நேரம் ஏறினால் ஒரு வாசனை வருமே, போக்குவரத்து நெரிசலில் ஊரும்போது உள்ளே நடப்பது அதேதான். சூடேறினால் கிளட்சைக் காப்பாற்றக் கம்ப்யூட்டர் தயங்குகிறது. இடதுபுறம் திரும்பக் காத்திருந்து, எதிரே இடைவெளி கிடைத்து மிதிக்கும்போது வண்டி நகராமல் நின்றால், எதிரே வருகிறவனுக்கு அது தெரியாது. ஆபத்து அதுதான்.

இந்தப் புகார்களுக்காக 2016-லேயே ரீகால் வந்து, மென்பொருளை மாற்றினார்கள். 2019 மாடலில் அமெரிக்க டூசானிலிருந்து அந்த 1.6 டர்போவையும் இந்தக் கியர்பாக்ஸையும் எடுத்தே விட்டார்கள். இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டுமா என்று எனக்குத் தோன்றும். ஏற்கனவே வைத்திருப்பவர்கள் மென்பொருள் புதுப்பித்ததா என்று பாருங்கள். ஓட்டும் முறையையும் மாற்றுங்கள். முன்னால் இருப்பவர் ஒவ்வொரு அடி நகரும்போதும் கூடவே ஊராமல், ஒரு கார் இடைவெளி விட்டு, பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். மேட்டில் ஆக்சிலரேட்டரால் வண்டியை நிறுத்திப் பிடிக்கவே கூடாது. பிரேக் எதற்கு இருக்கிறது?

2021-க்குப் பிந்தைய சாண்டா ஃபேயிலும் டிசிடிதானே?

2.5 டர்போவில் 8 கியர் டிசிடி. இது ஈர வகை, கிளட்ச் ஆயிலில் குளித்துக்கொண்டே இருக்கும், சூட்டுத் தொல்லை குறைவு. ஆனால் அந்த ஆயிலை அனுப்பும் மின்பம்ப் பழுதானால் வண்டி இழுவிசையை இழக்கலாம் என்று 2022 இறுதியில் ஹூண்டாயும் கியாவும் ரீகால் செய்தன. வாங்கும்முன் அது முடிந்திருக்க வேண்டும்.

நாளைக்கு ஒரு சொரெண்டோ பார்க்கப் போகிறேன். என்ன செய்ய வேண்டும்?

இன்று இரவே விற்பவரிடம் 17 எழுத்து வின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால் போகவே வேண்டாம். என்எச்டிஎஸ்ஏ தளத்தில் போட்டால் முடியாத ரீகால்கள் தெரியும். கேஎஸ்டிஎஸ் ரீகாலாக வராமலும் இருக்கலாம். அதனால் ஏதாவது ஒரு கியா டீலரின் சர்வீஸ் பிரிவுக்கு ஃபோன் போட்டு, இந்த எண்ணுக்குக் கேஎஸ்டிஎஸ் போட்டாயிற்றா, இன்ஜின் மாற்றியிருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

போகும்போது, வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார். ஸ்டார்ட் செய்யும்முன் டிப்ஸ்டிக். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்புங்கள், விற்கிற நாளில்கூட ஆயில் பார்க்காதவர் மற்ற நாளில் பார்த்திருக்க மாட்டார். குளிர்ந்த இன்ஜினின் சத்தத்தை ஒரு நிமிடம் கேளுங்கள். 20 நிமிடம் ஹைவேயில் ஓட்டிவிட்டு வந்து மறுபடி கேளுங்கள். ஸ்கேனர் மாட்டினால் குறியீடுகளைச் சமீபத்தில் யாராவது அழித்திருக்கிறார்களா என்பதும் தெரியும். பிடித்திருந்தால் வெளி மெக்கானிக்கிடம் நூறு, இருநூறு டாலர் கொடுத்து ஒரு சோதனை. விற்பவருக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் வேண்டாம்.

புகார் எங்கே கொடுப்பது? கொடுத்து என்ன பயன்?

என்எச்டிஎஸ்ஏ தளத்திலேயே கொடுக்கலாம், அல்லது 888-327-4236 என்ற எண்ணில் கூப்பிடலாம். உங்களுக்குப் பணம் வாங்கித் தரும் வேலை அவர்களுடையது இல்லை. ஆனால் விசாரணை தொடங்குவதே இப்படிக் குவியும் புகார்களை வைத்துத்தான். என்ன வேகத்தில், எத்தனை மைலில், என்ன விளக்கு எரிந்தது என்று எழுதுங்கள். 'மோசமான வண்டி' என்று எழுதினால் யாருக்கும் உபயோகமில்லை. திரும்பத் திரும்பப் பழுதாகும் வண்டிக்கு ஈடு கேட்க உதவும் லெமன் சட்டம் பெரும்பாலும் புது வண்டிக்குத்தான், பத்து வருடப் பழைய வண்டிக்கு அந்தக் கதவைத் தட்டிப் பயனில்லை.

மதுரையில் அப்பா க்ரெட்டா வைத்திருக்கிறார். இதைப் படித்துவிட்டுப் பயப்படுகிறார்.

அப்பாவைத் தூங்கச் சொல்லுங்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் க்ரெட்டாவில் தீட்டா 2 கிடையாது. அங்கே போடும் பெட்ரோல், டீசல் இன்ஜின்கள் வேறு. அவருடையது டர்போ பெட்ரோலும் 7 கியர் டிசிடியுமாக இருந்தால், டூசானுக்குச் சொன்ன அந்த நெரிசல் பாடம் மட்டும் அவருக்கும் பொருந்தும். கோரிப்பாளையம் சிக்னலில் ஊர்ந்துகொண்டே இருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எல்லாம் சரி. நீங்களாக இருந்தால் வாங்குவீர்களா?

டீலர் இன்ஜின் மாற்றி, கேஎஸ்டிஎஸ் போட்டு, ரீகால் எல்லாம் முடித்த சொரெண்டோ, பில் கட்டோடு வந்தால் வாங்குவேன். காகிதம் இல்லாத அதே வண்டியை இன்னும் ஆயிரம் டாலர் குறைத்துக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன். 2016 டூசான் டிசிடியை, வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருந்தாலும், வாங்க மாட்டேன்.